மாற்றுச் சிறுநீரகத்துக்கு ரிஃப்ளக்ஸ், திரும்பத் திரும்பக் காய்ச்சல்: முதலில் சிறுநீர்ப்பையைப் பாருங்கள்

உங்கள் மனைவிக்கு வயது 31. சிறு வயதிலிருந்தே இருந்த ரிஃப்ளக்ஸால், அதாவது சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேலே திரும்ப ஏறுவதால், சொந்தச் சிறுநீரகங்கள் இரண்டும் சுருங்கிப்போய், அவருடைய அம்மா கொடுத்த சிறுநீரகத்தைப் பொருத்தி ஒன்றரை வருடமாகிறது. கடந்த பத்து மாதத்தில் காய்ச்சலோடு மூன்று தடவை யூரின் இன்ஃபெக்‌ஷன். கடைசித் தடவைக்குப் பிறகு எடுத்த எம்சியு எக்ஸ்ரேயில் (பையில் சாயம் நிரப்பி, சிறுநீர் கழிக்கும்போது எடுக்கும் படம்) மாற்றுச் சிறுநீரகத்துக்கு கிரேடு 3 ரிஃப்ளக்ஸ் என்று வந்திருக்கிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் 1.2-இல் நிற்கிறது. சிறுநீரகம் போய்விடுமா, மறுபடியும் ஆபரேஷன் தேவையா, குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால், ரிஃப்ளக்ஸ் மட்டும் இருந்து சிறுநீரகம் கெடுவது அபூர்வம். சிறுநீர் மேலே ஏறுவது, பையில் சிறுநீர் தங்குவது, அதில் கிருமி இருப்பது, இந்த மூன்றும் சேரும்போதுதான் ஆபத்து. இப்போதைக்கு 1.2 நல்ல எண். ஆபரேஷனைப் பற்றி முடிவெடுக்க இன்னும் சில விவரங்கள் தேவை. அவை கைக்கு வராமல் அவசரப்பட வேண்டாம். குழந்தை பெற்றுக்கொள்ளலாம், ஆனால் இந்தக் காய்ச்சல்கள் அடங்கிய பிறகு.

முதலில் இந்த ரிஃப்ளக்ஸ் ஏன் வருகிறது என்று பார்ப்போம். பிறவியில் நமக்கு இருக்கும் யூரெட்டர், அதாவது சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாய், பையின் சுவரை நேராகத் துளைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை. சுவருக்குள் சாய்வாகக் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத்தான் திறக்கிறது. பை நிரம்பி அழுத்தம் ஏறும்போது, பாய்க்கு அடியில் போகும் ரப்பர் குழாய்மேல் ஆள் உட்கார்ந்தால் நசுங்குவதுபோல அந்தச் சாய்வுப் பகுதி நசுங்கி மூடிக்கொள்ளும். மாற்றுச் சிறுநீரகத்தை அடிவயிற்றில் ஒரு பக்கம் வைத்து, அதன் யூரெட்டரைப் பையின் மேற்பகுதியில் தைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் செய்யப்படும் லிக்-கிரெகுவார் முறையில், பையின் தசையை 2 முதல் 3 செ.மீ. நீளத்துக்குப் பிளந்து, உள்தோலோடு யூரெட்டரின் நுனியைத் தைத்து, தசையை அதன்மேல் மூடிவிடுவார்கள். அந்த மூடிய பகுதிதான் செயற்கையாகச் செய்த வால்வு.

இந்த வால்வு எல்லோருக்கும் சரியாக அமைவதில்லை. தானம் கொடுத்தவரின் உடலில் யூரெட்டருக்குப் பல பக்கங்களிலிருந்தும் ரத்தம் வந்துகொண்டிருந்தது. எடுத்துப் பொருத்திய பிறகு சிறுநீரகப் பக்கத்திலிருந்து வரும் ரத்தம் மட்டும்தான். நுனி அழுகிவிடாமல் இருக்க அதைக் குட்டையாக வெட்டித்தான் ஆக வேண்டும். தசையை இறுக்கி மூடினால் அடைப்பு வரும், தளர மூடினால் ரிஃப்ளக்ஸ் வரும். இரண்டில் அடைப்புதான் சிறுநீரகத்தைச் சீக்கிரம் கெடுக்கும் என்பதால், அனுபவமுள்ள சர்ஜன்கள் தளர்வின் பக்கமே சாய்வார்கள். ஆகவே ரிஃப்ளக்ஸ் வந்துவிட்டது என்பதற்காக ஆபரேஷனில் தவறு நடந்துவிட்டது என்று நினைத்து மனம் உடைய வேண்டாம். காரணமில்லாமல் எல்லா நோயாளிகளுக்கும் எம்சியு எடுத்துப் பார்த்தால் பலருக்கு ஏதோ ஒரு கிரேடு ரிஃப்ளக்ஸ் தெரியும்; அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பவர்கள்.

கிரேடு என்பது சாயம் எவ்வளவு தூரம் ஏறியது, குழாயும் சிறுநீரகத்தின் உள்ளறைகளும் எவ்வளவு விரிந்தன என்பதன் அளவு. 1 என்றால் யூரெட்டரோடு நின்றுவிட்டது. 2 என்றால் சிறுநீரகம் வரை போனது, ஆனால் விரிவு இல்லை. 3-இல் லேசான விரிவு. 4, 5-இல் குழாய் வளைந்து நெளிந்து, உள்ளறைகள் மழுங்கிப்போயிருக்கும். உங்கள் மனைவிக்கு இருப்பது நடுவில். அந்த எண்ணைவிட நான் முக்கியமாக நினைப்பது அதே எக்ஸ்ரேயில் இருக்கும் வேறு மூன்று தகவல்கள். முதலாவது, எத்தனை மி.லி. நிரப்பியபோது சாயம் ஏறத் தொடங்கியது? 100 மி.லி.யிலேயே ஏறியிருந்தால் பகல் முழுக்க மேலே போய் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள், 400 மி.லி. நிரப்பிச் சிறுநீர் கழிக்கும்போது மட்டும் ஏறியிருந்தால், பையை அந்த அளவுக்கு நிரம்ப விடாமலேயே பாதி பிரச்சினையைத் தீர்த்துவிடலாம். இரண்டாவது, கழித்து முடித்த பிறகு எடுத்த கடைசிப் படத்தில் பையில் எவ்வளவு சாயம் மிச்சம்? மூன்றாவது, அவருடைய சொந்த யூரெட்டர்களில் ரிஃப்ளக்ஸ் இருக்கிறதா? ரிப்போர்ட்டில் இவை எழுதப்படவில்லை என்றால் படங்களை எடுத்துப் போய் யூராலஜிஸ்டிடமோ ரேடியாலஜிஸ்டிடமோ நேரில் கேளுங்கள். படத்தில் பதில் இருக்கும்.

மூன்றாவது கேள்வியை வலியுறுத்தக் காரணம் உண்டு. சிறு வயதிலிருந்தே ரிஃப்ளக்ஸ் இருந்தவர் என்கிறீர்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும்போது பழைய சிறுநீரகங்களைப் பொதுவாக எடுப்பதில்லை. வேலை செய்யாத, சுருங்கிப்போன அந்த இரண்டும், அவற்றின் அகன்ற யூரெட்டர்களும் உள்ளேயே இருக்கின்றன. பையிலிருந்து ஏறும் கிருமி அங்கே தங்கி, மருந்து முடிந்த சில வாரங்களில் மறுபடி இறங்கி வரலாம். காய்ச்சலின்போது அவருக்கு முதுகில், விலாவுக்குக் கீழே வலித்ததா, அல்லது தையல் போட்ட அடிவயிற்றில் அழுத்தினால் வலித்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். முதுகு வலி என்றால் பழைய சிறுநீரகத்தின் மேல் சந்தேகம் வர வேண்டும். இது உறுதியான அடையாளம் இல்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்கு நரம்பு இணைப்பு அறுந்துபோயிருப்பதால், அதில் கடுமையான இன்ஃபெக்‌ஷன் இருந்தும் வலியே தெரியாமல் போவதுண்டு.

இப்போது சிறுநீர்ப்பைக்கு வருகிறேன். பதிலின் முக்கியப் பகுதி இதுதான்.

ரிஃப்ளக்ஸ் உள்ளவர் கழிவறைக்குப் போகும்போது என்ன நடக்கிறது? பை சுருங்குகிறது, ஒரு பகுதி வெளியே போகிறது, ஒரு பகுதி மேலே ஏறுகிறது. அவர் முடித்துவிட்டேன் என்று எழுந்து வருகிறார். அப்போது பை காலியாகத்தான் இருக்கும். ஓரிரு நிமிடத்தில் மேலே ஏறியது எல்லாம் திரும்பப் பைக்குள் இறங்கிவிடும். அடுத்த மூன்று மணி நேரம் அந்தப் பழைய சிறுநீர் அங்கேயே கிடக்கும். கிருமி அடித்துக்கொண்டு போகப்படாமல் பெருகுவதற்கு இது போதும். கழித்த உடனே ஸ்கேன் பார்த்தால் பை காலி என்று ரிப்போர்ட் வரும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஆகவே அடுத்த ஸ்கேனில் இரண்டு நேரத்திலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 50 மி.லி.க்குக் கீழே மிச்சம் இருந்தால் நல்லது. 100-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். நடுவில் இருந்தால் இன்னொரு நாள் மறுபடி பாருங்கள்.

ஸ்கேன் சென்டர்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து, தாங்க முடியாத அளவுக்கு அடக்கி வைத்த பிறகுதான் கூப்பிடுவார்கள். அப்படி மிதமிஞ்சி நிரம்பிய பை ஒழுங்காகச் சுருங்காது. இல்லாத மிச்சம் இருப்பதாகக் காட்டும். மாற்றுச் சிறுநீரகத்தில் வீக்கம் என்றும் ரிப்போர்ட் வந்துவிடும். வழக்கமாகப் போகத் தோன்றும் அளவு நிரம்பியதும் பார்க்கச் சொல்லுங்கள். பை நிரம்பியிருக்கும்போது தெரியும் லேசான வீக்கம் கழித்த பிறகு குறைந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. கழித்த பிறகும் குறையாமல், கிரியேட்டினினும் ஏறுகிறது என்றால் அடைப்பு இருக்கிறதா என்று ரெனோகிராம் (சிறுநீர் இறங்கும் வேகத்தைக் காட்டும் ஐசோடோப் ஸ்கேன்) எடுக்க வேண்டும். அதைச் சிறுநீர்ப்பையில் கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் குழாய்) போட்டு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே ஏறும் சிறுநீரே அடைப்பு மாதிரி தோற்றம் தரும்.

தீர்வு எளிது, ஆனால் தினமும் செய்ய வேண்டும். பகலில் இரண்டரை அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, வந்தாலும் வராவிட்டாலும் போக வேண்டும். கழித்து முடித்ததும் எழுந்து, இரண்டு மூன்று நிமிடம் நின்றுவிட்டோ நடந்துவிட்டோ, மறுபடி உட்கார்ந்து கழிக்க வேண்டும். முக்கிக் கழிக்கக் கூடாது. இரண்டாவது தடவை எவ்வளவு வருகிறது என்று அளவுக் குவளையில் பிடித்துப் பாருங்கள். 60, 80 மி.லி. வருகிறது என்றால், இத்தனை நாள் உள்ளே கிடந்தது அதுதான். மூன்று நாளைக்கு ஒவ்வொரு தடவையும் நேரமும் அளவும் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். விலை அதிகமான பல டெஸ்ட்டுகளைவிட அந்த ஒரு தாள் அதிகம் சொல்லும். ஒரு தடவைக்கு 350 மி.லி.க்கு மேல் போகாதபடி நேரத்தை நெருக்கிக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகும் பெண்களில் பலர் அலுவலகக் கழிவறைக்குப் பயந்து காலை முதல் மாலை வரை அடக்குகிறார்கள், அதற்காகவே தண்ணீரும் குடிப்பதில்லை. உங்கள் மனைவிக்கு இந்த இரண்டுமே கூடாது. பொதுக் கழிவறையில் உட்காராமல் அரைகுறையாகக் குனிந்து நின்று போனால் இடுப்புத் தசை தளராது, பை முழுதாகக் காலியாகாது. பேப்பரால் துடைத்துவிட்டு, கால் தரையில் படும்படி நன்றாக உட்காரச் சொல்லுங்கள். மலச்சிக்கலைக் கட்டாயம் சரி செய்ய வேண்டும். நிரம்பிய மலக்குடல் பையின் கழுத்தை அழுத்தும். டாக்டர் அளவு கட்டுப்படுத்தாதவரை ஒரு நாளைக்கு 2.5 லிட்டர் தண்ணீர் என்பது நல்ல குறி. தாம்பத்திய உறவுக்குப் பிறகு அன்றே கழித்துவிட வேண்டும், மறுநாள் காலை வரை வைக்கக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு மிச்சம் 100 மி.லி.க்கு மேல் நின்றால் பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் பரிசோதனை தேவை. சிறு வயது ரிஃப்ளக்ஸ் பல பேருக்குப் பையின் கோளாறால்தான் வருகிறது. பையைச் சரி செய்யாமல் புதுச் சிறுநீரகத்தை வைத்தால் அதே கதை தொடரும். நிரம்பும்போது பையின் அழுத்தம் 40 செ.மீ. நீர் அளவைத் தாண்டுகிறது என்றால் அது மாற்றுச் சிறுநீரகத்துக்கு நேரடியாகக் கெடுதல். அதற்குத் தனி மாத்திரைகள் உண்டு. சுருங்கவே சுருங்காத பை என்றால், சுத்தமான கதீட்டரைத் தானே போட்டு ஒரு நாளைக்கு நான்கு முதல் ஆறு தடவை வடித்துவிடப் பழக வேண்டும். கேட்டதும் எல்லோரும் பதறுகிறார்கள். நிரந்தரமாகக் கதீட்டரை உள்ளேயே விட்டு வைப்பதைவிட அது எவ்வளவோ பாதுகாப்பானது. மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் பல வருடங்களாக நன்றாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆபரேஷனின்போது யூரெட்டருக்குள் வைத்த டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் எடுக்கப்பட்டுவிட்டதா? வழக்கமாக 2 முதல் 6 வாரத்துக்குள் எடுத்துவிடுவார்கள். அது உள்ளே இருக்கும்வரை வால்வு திறந்தபடியேதான் இருக்கும், கிருமியும் அதில் படலமாகப் படியும். எடுத்ததாக டிஸ்சார்ஜ் ரிப்போர்ட்டிலோ ஓபி சீட்டிலோ எழுதியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு வயிற்று எக்ஸ்ரே போதும்.

அடுத்தது யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட். திரும்பத் திரும்ப இன்ஃபெக்‌ஷன் வருகிறவர்களின் கோப்பைப் புரட்டினால், ஆன்டிபயாட்டிக் சீட்டுகள் பத்து இருக்கும், கல்ச்சர் ரிப்போர்ட் இரண்டுதான் இருக்கும். இது மாற வேண்டும். முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன் கல்ச்சர் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு டோஸ் போட்ட பிறகு கொடுத்தாலும் கிருமி வளராமல் போகலாம். கையைக் கழுவி, முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் சுத்தம் செய்து, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை லேப் கொடுத்த ஸ்டெரைல் டப்பாவில் பிடிக்க வேண்டும். டப்பாவின் உள்பக்கத்திலும் மூடியின் உள்பக்கத்திலும் விரல் படக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம், ஃபிரீசரில் அல்ல. வெயிலில் பைக்கின் பெட்டியில் ஒரு மதியம் கிடந்த சாம்பிளில் கிருமி ஆயிரக்கணக்கிலிருந்து லட்சக்கணக்காகப் பெருகியிருக்கும். அந்த ரிப்போர்ட்டை நம்பி மருந்து கொடுத்தால் இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டதாக ஆகும். மூன்று வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்திருப்பதாக வந்தால் பெரும்பாலும் சாம்பிள் சரியாகப் பிடிக்கப்படவில்லை, மறுபடி கொடுங்கள்.

மூன்று காய்ச்சலின் கல்ச்சர் ரிப்போர்ட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கிருமி, அதை அடக்கும் மருந்துகளின் பட்டியலும் ஒரே மாதிரி என்றால் எங்கோ ஒளிந்திருந்து திரும்பி வருகிறது: பழைய சிறுநீரகம், கல், மறந்துபோன ஸ்டென்ட், சரியாக முடிக்காத கோர்ஸ். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கிருமி என்றால் புதிதாக ஏறுகிறது. அப்போது பை காலியாவதிலும் சுத்தத்திலும்தான் கவனம் போக வேண்டும். பஸ் செல் (சீழ் அணுக்கள்) நிறைய இருந்தும் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, இது தொடர்கிறது என்றால், நம் நாட்டில் காசநோயை நினைக்காமல் விடக் கூடாது. அதற்கு யூரினைத் தனியாக அனுப்ப வேண்டும். சிறுநீரின் அமிலத்தன்மை குறைந்து, பிஹெச் 8-ஐத் தொட்டு, உள்ளே சுண்ணாம்பு மாதிரி படிவதாக ஸ்கேன் சொன்னால், கோரினிபாக்டீரியம் என்ற மெதுவாக வளரும் கிருமி இருக்கலாம். கல்ச்சரைக் கூடுதல் நாள் வைத்திருக்கும்படி லேபுக்குச் சொல்ல வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, கிரியேட்டினின் மாறவில்லை, ஆனால் மாதாந்திர டெஸ்ட்டில் பஸ் செல் 15, கல்ச்சரில் இ.கோலை என்று வந்தால் என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். மாற்றுச் சிறுநீரகம் வைத்து முதல் ஓரிரு மாதம் கடந்த பிறகு, அறிகுறி இல்லாத கிருமிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதால் பின்னால் வரும் காய்ச்சல்கள் குறைவதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் மிஞ்சுகின்றன. அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2019 வழிகாட்டியும் முதல் மாதத்துக்குப் பிறகு இப்படிப்பட்டவர்களுக்கு மருந்து வேண்டாம் என்றே சொல்கிறது. கர்ப்பம், சிறுநீர்ப் பாதையில் செய்யப்போகும் ஆபரேஷன், இந்த இரண்டும் விதிவிலக்கு. ரிஃப்ளக்ஸ் இருக்கிறதே என்ற பயத்தில் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் மருந்து எழுதி வாங்குவதுதான், பின்னாளில் மெரோபெனெம் ஊசிக்குக்கூட அடங்காத கிளெப்சியெல்லாவில் கொண்டுபோய் விடுகிறது.

காய்ச்சல் வந்தால் கதை வேறு. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே, அல்லது குளிர் நடுக்கம் வந்தாலே, அன்றைக்கே மாற்றுச் சிறுநீரகப் பிரிவுக்குப் போக வேண்டும். தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு மாத்திரை) சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் முழுதாக வெளியே தெரியாது, 99.5 டிகிரியோடு சோர்வும் வாந்தியும் இருந்தாலும் அதே அவசரம்தான். அங்கே யூரின் கல்ச்சர், இரண்டு ரத்தக் கல்ச்சர், ரத்த அணுக்கள், கிரியேட்டினின், பொட்டாசியம், காலை மாத்திரைக்கு முன் டாக்ரோலிமஸ் (மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் மருந்து) அளவு, மாற்றுச் சிறுநீரகத்துக்கு டாப்ளர் ஸ்கேன் ஆகியவை எடுப்பார்கள். ரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு ஊசி ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்க வேண்டும். எதை ஆரம்பிப்பது என்பதைப் பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள், ஆகவே அந்த ரிப்போர்ட்டுகள் எப்போதும் உங்கள் போனில் படமாக இருக்கட்டும். மூன்று நாளில் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் சீழ்க்கட்டி இருக்கிறதா என்று சி.டி. எடுக்க வேண்டும். மொத்தம் 14 நாள் கோர்ஸ் என்பது பொதுவான அளவு. ஊசியில் ஆரம்பித்து, கல்ச்சருக்கு ஏற்ற மாத்திரைக்கு மாற்றுவார்கள்.

அந்த நாட்களில் கிரியேட்டினின் 1.2-இலிருந்து 1.8 வரை போகலாம். உடனே ரிஜெக்‌ஷன் (உடல் மாற்றுச் சிறுநீரகத்தை நிராகரிப்பது) என்று பயப்பட வேண்டாம். இன்ஃபெக்‌ஷன் அடங்கியதும் பெரும்பாலும் இறங்கிவிடும். இறங்காவிட்டால் பயாப்சி பற்றி யோசிப்பார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோபீனோலேட் மாத்திரையை டாக்டர் சில நாள் குறைக்கவோ நிறுத்தவோ செய்யலாம். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், பிரெட்னிசோலோனை ஒரு நாளும் விடாதீர்கள். நீண்ட நாள் சாப்பிட்டவருக்குக் காய்ச்சல் நேரத்தில் திடீரென்று நின்றால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். வாந்தியில் மாத்திரை வெளியே வந்தாலும், வயிற்றுப்போக்கு இருந்தாலும் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கில் டாக்ரோலிமஸ் அளவு ரத்தத்தில் ஏறும்.

மருந்துகளில் கவனிக்க வேண்டியவை: காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக் ஊசி, ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் எல்லாம் டாக்ரோலிமஸோடு சேர்ந்து சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தைச் சுருக்கும். மாதவிடாய் வலிக்கு வீட்டில் வைத்திருக்கும் மாத்திரை எது என்று இன்றைக்கே பாருங்கள். கிளாரித்ரோமைசினும் ஃப்ளூக்கோனசோலும் டாக்ரோலிமஸை ஏற்றும், ரிஃபாம்பிசின் அடியோடு இறக்கும். வேறு வழி இருக்கும்போது, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய ஆன்டிபயாட்டிக்கான அமிக்காசின் வேண்டாம். நைட்ரோஃபுரான்டாயினும் ஃபாஸ்ஃபோமைசின் பவுடரும் பையில் மட்டும் இருக்கும் இன்ஃபெக்‌ஷனுக்கு நல்லவை, ஆனால் அவை சிறுநீரகத்தின் திசுவுக்குள் போதுமான அளவு சேராது. காய்ச்சலோடு வந்ததற்கு அவற்றைக் கொடுத்திருந்தால், பத்து நாளில் திரும்பி வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நெருஞ்சில் கஷாயம், சிறுகண்பீளைக் கஷாயம், வாழைத்தண்டுச் சாறு ஆகியவற்றை நல்லெண்ணத்தோடு உறவினர்கள் கொண்டுவருவார்கள். டாக்ரோலிமஸ் பொட்டாசியத்தை ஏற்றும் மருந்து, கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கும் ஏற்றும். அதன்மேல் இந்தச் சாறுகளும் சேர்ந்தால் இதயத் துடிப்புக்கே ஆபத்தாகிவிடும். நட்சத்திரப் பழமும் பம்பளிமாஸும் கூடவே கூடாது.

தடுப்பு மருந்து பற்றி. பொருத்திய பிறகு முதல் ஆறு மாதமாவது கோட்ரைமாக்சசோல் கொடுப்பது வழக்கம். நிமோசிஸ்டிஸ் நிமோனியாவோடு யூரின் இன்ஃபெக்‌ஷனையும் அது குறைக்கும். உங்கள் கணக்கைப் பார்த்தால் மனைவிக்குக் காய்ச்சல்கள் தொடங்கியதும் அந்த மாத்திரை நின்றதும் ஏறக்குறைய ஒரே காலமாக இருக்கலாம். தேதிகளைச் சரிபாருங்கள். கிருமி அதற்கு அடங்கும் வகையாக இருந்தால், தினமும் 80/400 மி.கி. மாத்திரை ஒன்று என்று மறுபடி ஆரம்பிப்பது நியாயமான யோசனை. ஆரம்பித்த இரண்டு வாரத்துக்குள் பொட்டாசியமும் ரத்த அணுக்களும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 0.1, 0.2 ஏறினால், அந்த மருந்து கிரியேட்டினின் வெளியேறும் வழியை மறிப்பதால் வரும் ஏற்றமாக இருக்கலாம். கிருமி அடங்காத வகை என்றால், இரவில் ஒரு வேளை செஃபலெக்சின் போல வேறு மருந்தை ஆறு மாதத்துக்கு வைத்து, பிறகு நிறுத்திப் பார்ப்பார்கள். ஆன்டிபயாட்டிக் அல்லாத மெத்தெனமின் ஹிப்புரேட் 1 கிராம் இரண்டு வேளை என்பதும் ஒரு வழி. அது அமிலச் சிறுநீரில்தான் வேலை செய்யும், ஆகவே எரிச்சலுக்குக் கடையில் வாங்கும் சிட்ரேட் சிரப்பையும் கோட்ரைமாக்சசோலையும் அதனோடு சேர்க்கக் கூடாது.

இப்போது ஆபரேஷன். பையை ஒழுங்காகக் காலி செய்து, தடுப்பு மருந்தும் எடுத்து, அதற்குப் பிறகும் ஆறு மாதத்தில் காய்ச்சலோடு இரண்டு தடவை வந்தால், அல்லது டிஎம்எஸ்ஏ ஸ்கேனில் (தழும்புகளைக் காட்டும் ஐசோடோப் ஸ்கேன்) மாற்றுச் சிறுநீரகத்தில் புதுத் தழும்புகள் தெரிந்தால், அல்லது கிரியேட்டினின் படிப்படியாக ஏறினால், அப்போதுதான் ரிஃப்ளக்ஸை நேரடியாகச் சரி செய்யும் பேச்சு. டிஎம்எஸ்ஏ-வைக் கடைசிக் காய்ச்சலுக்கு நான்கு முதல் ஆறு மாதம் கழித்து எடுக்க வேண்டும்; முன்னால் எடுத்தால் ஆறிவிடக்கூடிய வீக்கமும் தழும்பு மாதிரித் தெரியும்.

எளிய வழி, சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் குழாயான சிஸ்டோஸ்கோப் வழியாக யூரெட்டர் திறக்கும் இடத்துக்கு அடியில் டெஃப்ளக்ஸ் என்ற ஜெல்லை ஊசியால் செலுத்தி மேடாக்குவது. ஒரே நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். குழந்தைகளின் சொந்த யூரெட்டரில் கிடைக்கும் அளவு வெற்றி இதில் கிடைப்பதில்லை. மாற்றுச் சிறுநீரகத்தின் வாய் பையின் மேற்கூரைப் பக்கம் இருப்பதால் ஊசி சரியான கோணத்தில் போவதே சிரமம். தோற்றால் இன்னொரு தடவை செய்யலாம். பெரிதாகக் கெடுதல் இல்லை என்பதால், இதில் கை பழகிய யூராலஜிஸ்ட் இருந்தால் நான் முதலில் இதையே பரிந்துரைப்பேன்.

திறந்து செய்யும் ஆபரேஷனில் இரண்டு வகை. ஒன்று, மாற்றுச் சிறுநீரகத்தை நோயாளியின் சொந்த யூரெட்டரோடு இணைத்துவிடுவது. இயற்கையான வால்வு அதிலேயே இருப்பதால் மற்றவர்களுக்கு இது அருமையான தீர்வு. உங்கள் மனைவிக்குச் சொந்த யூரெட்டர்களிலேயே ரிஃப்ளக்ஸ் இருந்திருக்கிறது. ஆகவே எம்சியு-வில் இப்போது அங்கே ரிஃப்ளக்ஸ் இல்லை என்று உறுதியானாலொழிய இந்த வழி வேண்டாம். யாராவது இதைச் சொன்னால் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். இன்னொன்று, இணைப்பைப் பிரித்து, நீளமான சுரங்கம் செய்து மறுபடி தைப்பது. தழும்பேறிய இடத்தில், ஒற்றைச் சிறுநீரகத்தின் ஒற்றைக் குழாயில் செய்யும் வேலை இது. கசிவோ அடைப்போ வந்தால் இருக்கும் நிலையைவிட மோசமாகும். மாற்றுச் சிறுநீரகம் அடிக்கடி செய்யும் மையத்தில் மட்டும்தான் செய்துகொள்ள வேண்டும். காய்ச்சல்களின் மூலம் பழைய சிறுநீரகங்கள்தான் என்று தெரிந்தால், மாற்றுச் சிறுநீரகத்தைத் தொடாமலேயே, அந்தப் பக்கத்துப் பழைய சிறுநீரகத்தையும் யூரெட்டரையும் லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிடலாம்.

குழந்தை விஷயம். பொருத்தி ஒரு வருடம் கடந்துவிட்டது, கிரியேட்டினின் 1.5-க்குக் கீழே இருக்கிறது. இந்த இரண்டும் சாதகம். ரத்த அழுத்தமும் யூரினில் புரதமும் கட்டுக்குள் இருக்க வேண்டும், காய்ச்சலில்லாமல் குறைந்தது ஆறு மாதமாவது போயிருக்க வேண்டும் என்பது என் கருத்து. மைக்கோபீனோலேட் கருவுக்குப் பிறவிக் குறை உண்டாக்கும். கருத்தரிக்க முயல்வதற்கு ஆறு வாரம் முன்பே அதை நிறுத்தி அசாதயோபிரினுக்கு மாற்றி, கிரியேட்டினின் நிலையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கருத்தடையை விட வேண்டும். கோட்ரைமாக்சசோல் ஃபோலேட்டைத் தடுப்பதால் முதல் மூன்று மாதத்திலும் கடைசி வாரங்களிலும் ஆகாது. தடுப்பு மருந்தை முன்கூட்டியே செஃபலெக்சினுக்கு மாற்றிவிடுவது நல்லது. கர்ப்ப காலத்தில் ஒவ்வொரு மாதமும் கல்ச்சர் எடுத்து, அறிகுறி இல்லாவிட்டாலும் கிருமி இருந்தால் மருந்து கொடுக்க வேண்டும். கருப்பை வளரும்போது மாற்றுச் சிறுநீரகத்தில் லேசான வீக்கம் தெரிவது சகஜம்.

மாற்றுச் சிறுநீரகம் இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. செய்ய நேர்ந்தால், யூரெட்டர் எந்தப் பக்கமாக வந்து பையின் எந்த இடத்தில் இணைந்திருக்கிறது என்ற ஆபரேஷன் குறிப்பு மகப்பேறு டாக்டரின் கையில் முன்னதாகவே இருக்க வேண்டும். கருப்பையைத் திறக்கப் பையைக் கீழே ஒதுக்கும் இடத்துக்கு மிக அருகில்தான் அந்த இணைப்பு இருக்கும். குழந்தை பிறந்த பிறகு அதற்கும் ஒரு ஸ்கேன் வேண்டும். ரிஃப்ளக்ஸ் உள்ள பெற்றோரின் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறது. அந்தக் குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வரும் ஒவ்வொரு தடவையும் யூரின் கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் குழந்தை டாக்டரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.